குளிர்நாட்டில் கருமருந்து ரைஃபிள்: கசடைக் கட்டுக்குள் வைத்துக் குறி பிசகாமல் சுடுவது எப்படி?

மலேசியாவில் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும்; கருமருந்தை வாங்குவதும் சேமிப்பதும் 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் பிடிக்குள் வருகின்றன. ஆகவே கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இருந்துகொண்டு, குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் திணித்துச் சுடும் பழைய பாணி ரைஃபிளில் பழகுவது நம்மில் பெரும்பாலோருக்கு நடக்கிற காரியம் அன்று. ஆயினும், கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறிவிட்ட பிள்ளைகளையும் உடன்பிறந்தோரையும் பார்க்க ஆண்டிறுதி விடுமுறையில் செல்லும் நம்மவர்களில் சிலர், அங்குள்ள சுடுதளங்களில் உரிமம் உள்ளவர்களின் மேற்பார்வையில் இந்த விளையாட்டை ஆசையோடு கற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் போய்ச் சேரும் பருவமோ கடுங்குளிர். முதல் இரண்டு மூன்று குண்டுகள் நன்றாகப் போகும். அதற்குப் பிறகு குண்டு குழலுக்குள் இறங்க மறுக்கும், இறங்கினாலும் இலக்கு அட்டையில் சிதறி விழும். அந்தச் சிக்கலைச் சமாளிக்கும் முறைகளை அவர்களுக்காகவே இங்கு எழுதுகிறேன். புறப்படுமுன் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும்: கருமருந்தை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது, திரும்பி வரும்போது நினைவுப்பொருள் என்று குண்டையோ வெடிமூடியையோ (மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோக மூடி) பையில் போட்டுக்கொண்டு வந்து விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவும் கூடாது.

கசடு ஏன் குளிரில் இறுகுகிறது

கருமருந்து என்பது ஏறத்தாழ 75 விழுக்காடு வெடியுப்பு, 15 விழுக்காடு மரக்கரி, 10 விழுக்காடு கந்தகம் ஆகியவற்றின் கலவை. இன்றைய புகையற்ற மருந்து பெரும்பாலும் வாயுவாக மாறிவிடுகிறது. கருமருந்தோ எரிந்தபின் எடையில் பாதிக்கும் மேலான பங்கைத் திடப்பொருளாகவே விட்டுச் செல்கிறது. அதில் ஒரு பகுதிதான் அந்த அடர்ந்த வெள்ளைப் புகை. எஞ்சியது குழலின் உட்சுவரிலும், குண்டைச் சுழலவைக்க அங்கே வெட்டியுள்ள திருகுக்கோடுகளின் பள்ளங்களிலும் படிகிறது; இதுதான் கசடு. இந்தப் படிவில் பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், பொட்டாசியம் சல்பைடு ஆகிய உப்புகளும் எரியாத கரித்தூளும் இருக்கின்றன. பொட்டாசியம் கார்பனேட் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும் இயல்புடையது. பினாங்கில் மூடி சரியாகப் பொருந்தாத உப்பு ஜாடி இரண்டே நாளில் கசிந்து கட்டிதட்டிப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இங்கே 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். நம் வழக்கமான ஈரப்பதத்தில் 20 கிராமுக்கு மேல் எப்போதும் அதில் இருக்கும். மைனஸ் 10 டிகிரியிலோ காற்று எவ்வளவுதான் நிறைந்திருந்தாலும் அதனிடம் இருப்பது இரண்டு கிராமைச் சற்றே தாண்டிய நீராவிதான். ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் இடையிலுள்ள இரண்டு நிமிடத்தில் கசடு குடிப்பதற்கு அந்தக் காற்றில் ஈரமே இல்லை. ஆகவே அது இளகாமல், மண்பானையின் அடியில் பிடித்த கரியைப் போல் வறண்டு இறுகுகிறது. அதாவது, பகை குளிர் அன்று, வறட்சி. கேமரன் மலையின் இரவுக் குளிரை வைத்து இதை எடைபோட வேண்டாம். அது ஈரக் குளிர். கோடையில் பாலைவனத்தில் சுடுகிறவர்களுக்கும் கசடு இதே போல்தான் இறுகுகிறது. குளிர் தன் பங்குக்குச் சேர்ப்பது வேறொன்று: நாம் பூசும் மசகையும் துடைக்கப் பயன்படுத்தும் நீரையும் அது உறையவைக்கிறது. வறட்சியை ஈரத்தால் சரிசெய்யப் போனால் அந்த ஈரமே உறைகிறது என்பதுதான் இதிலுள்ள முடிச்சு.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கசடே இல்லாத குழல் நமக்குத் தேவையில்லை. ஒவ்வொரு குண்டும் புறப்படும்போது குழல் ஒரே நிலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பளிச்சென்று துடைத்த குழலில் போகும் முதல் குண்டு ஓரிடத்திலும், கசடு படிந்த குழலில் போகும் அடுத்த குண்டு வேறிடத்திலும் விழுவது இயல்பு. அதனால்தான் அனுபவசாலிகள் முதல் ஒன்றிரண்டு குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிட்டு, அதற்குப் பிறகே புள்ளிக்காகக் குறிபார்க்கிறார்கள்.

மருந்தும் அளவும்

இதில் அதிகம் சொல்வதற்கில்லை. மணிகளின் பருமனைப் பொறுத்து 1எஃப், 2எஃப், 3எஃப் என்று கருமருந்து தரம் பிரிக்கப்படுகிறது. எண் கூடக் கூட மணி நுண்மையாகும், எரிவு வேகமாகும். .50 அங்குலமும் அதற்குக் குறைவான உள்விட்டமும் உள்ள ரைஃபிள்களில் 3எஃப் பொதுவாகக் குறைவான கசடை விடுகிறது. ஆனால் அது அழுத்தத்தைக் கூட்டும் என்பதால், 2எஃப்-லிருந்து மாறும்போது அளவைக் குறைத்துத் தொடங்க வேண்டும். துப்பாக்கி செய்தவர் தந்துள்ள உச்ச வரம்பை எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது. ஸ்விஸ் என்ற பெயரில் விற்பது போன்ற உயர்தர மருந்துகள் விட்டுச்செல்லும் கசடு மென்மையானது என்று பலரும் ஒருமுகமாகச் சொல்கிறார்கள். விலை கூடுதல்தான், குளிர்காலத்துக்கு மட்டுமாவது கொடுக்கத் தகும் விலை என்பது என் கருத்து. புகையற்ற மருந்து ஒரு சிட்டிகை அளவுகூட இந்தத் துப்பாக்கிகளுக்குள் போகக் கூடாது; குழல் வெடித்துவிடும். மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டுவதும் கூடாது. அளவைக் குப்பியில் ஊற்றி, அதிலிருந்தே குழலில் விட வேண்டும்.

மசகு

குளிர்காலத்தில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மசகுதான். உருண்டைக் குண்டைச் சுற்றிவைக்கும் பருத்தித் துணியின் மீதும், நீள்குண்டின் பள்ளங்களிலும் பூசப்படும் இந்தக் கொழுப்பு, குண்டு வழுக்கிச் செல்ல உதவுவதோடு முந்தைய கசடை இளக்கி வெளியே தள்ளுகிறது. 1857-இல் வடஇந்தியாவில் சிப்பாய்கள் கொதித்தெழக் காரணமான என்ஃபீல்டு ரைஃபிள் தோட்டாவின் கொழுப்பும் இதே வேலைக்காகத்தான் பூசப்பட்டது. பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் கலந்திருக்கின்றன என்ற செய்தி பரவிய அந்தத் தோட்டாக்களைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டியிருந்ததால், வெறும் மசகு வரலாறாகிவிட்டது. மேலைநாட்டுக் கடைகளில் விற்கும் மசகுகள் பலவற்றில் இன்றும் மாட்டுக்கொழுப்பு உண்டு. அதைத் தொட விரும்பாதவர்கள் தேன்மெழுகோடு தாவர எண்ணெயைச் சேர்த்துத் தாங்களே காய்ச்சிக்கொள்ளலாம். தரத்தில் எந்தக் குறையும் வராது.

எந்த எண்ணெய் என்பதுதான் கேள்வி. நம் வீடுகளில் கைக்கெட்டும் தேங்காயெண்ணெய் 24 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும் என்பதால் அது முற்றிலும் உதவாது. ஆலிவ் எண்ணெய் குளிர்பெட்டியின் சாதாரண அறையிலேயே குழம்பிக் கட்டியாகிறது. விளக்கெண்ணெய் குளிரில் தடித்தாலும் உறைநிலைக்கு வெகுவாகக் கீழே போகும்வரை கெட்டியாவதில்லை. எனவே தேன்மெழுகுக்கு அதுவே நல்ல துணை. கோடையில் மெழுகும் எண்ணெயும் சரிபாதி என்று வைத்துக்கொண்டால், குளிர்காலத்துக்கு மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் இரண்டு பங்கு என்று தொடங்கலாம். மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால், அடுப்பில் நேராக வைக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை இறக்கி உருக்க வேண்டும். கலவை ஆறியபின் ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்து இரவு முழுவதும் உறைபெட்டியில் வைத்திருந்து, காலையில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நசுங்கி விரல்ரேகை பதிந்தால் கலவை சரி. விளிம்பு உடைந்து உதிர்ந்தால் எண்ணெயைக் கூட்டுங்கள். இந்தச் சோதனையைக் கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டின் சமையலறையிலேயே செய்துவிடலாம், பனிநாட்டுக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

துணியில் குண்டைச் சுற்றிச் சுடுபவர்களுக்கு இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. நீரில் கலந்தால் பால்போல் வெளுக்கும் எண்ணெய்களில் பாலிஸ்டால் பெயர் பெற்றது. அதில் ஒரு பங்குக்கு ஆறு அல்லது ஏழு பங்கு நீர் சேர்த்து, அந்தப் பாலில் பருத்தித் துணிப்பட்டைகளை நனைத்து, பிழிந்து, சமதளத்தில் விரித்து முழுக்க உலர்த்த வேண்டும். தொங்கவிட்டால் எண்ணெய் கீழ் ஓரத்தில் சேர்ந்து, ஒரு பட்டையின் இரு முனைகளும் இருவேறு மசகுள்ளவை ஆகிவிடும். உலர்ந்ததும் நீர் போய்விடுகிறது. எண்ணெய் மட்டும் எல்லா இழையிலும் சீராகத் தங்குகிறது. உறைவதற்கு நீரே இல்லாததால் குளிரில் இந்தத் துணி விறைப்பதில்லை. எண்ணெயின் விகிதத்தை மாற்றினால் குண்டு விழும் இடமும் மாறும். ஆகவே ஒரு விகிதத்தைத் தேர்ந்தபின் பருவம் முடியும்வரை அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். துணியை எச்சிலால் நனைத்துச் சுடும் பழைய பழக்கம் சுடுதளத்தில் உடனுக்குடன் சுடும்போது வேலை செய்யும் என்றாலும், திணித்துவிட்டுச் சில நிமிடம் காத்திருந்தால் பனிக்கட்டியாகும்.

மசகு போதுமா என்பதை இரண்டு இடங்களில் படித்தறியலாம். நீள்குண்டு சுடுபவர் குழல்வாயின் விளிம்பைப் பார்க்க வேண்டும்: திருகுக்கோடுகளின் பள்ளத்துக்கு ஒன்றாகக் கொழுப்பு மினுமினுத்து நட்சத்திர வடிவில் படிந்திருந்தால், மசகு குழலின் கடைசிவரை வந்திருக்கிறது என்று பொருள். விளிம்பு சாம்பல் நிறத்தில் வறண்டு கிடந்தால் மசகு பாதியிலேயே தீர்ந்துவிட்டது. துணி சுற்றிச் சுடுபவர், சுடுதள அதிகாரி அனைவரையும் நிறுத்தி அனுமதி தந்தபின், முன்னால் சில மீட்டர் நடந்து விழுந்த துணிகளைப் பொறுக்க வேண்டும். பனியின் மேல் அவை கறுத்துத் தெளிவாகத் தெரியும். நடுவில் கரிய வட்டமும் சுற்றிலும் முழுதான துணியுமாக இருப்பதே நல்ல அறிகுறி. நடுவில் ஓட்டை எரிந்திருந்தால் மசகு போதவில்லை அல்லது துணி மெலிது. வட்டத்தின் ஓரம் வெட்டுப்பட்டதுபோல் கிழிந்திருந்தால், இறுகிய கசடோ கூர்மையான குழல்வாயோ துணியை அறுக்கிறது.

குண்டுக்குக் குண்டு துடைத்தல்

குளிரில் ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் துடைத்தாக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஈரமான பருவத்தில் ஐந்தாறு குண்டுகள் வரை துடைக்காமல் ஓட்டுகிறவர்கள்கூட மைனஸ் டிகிரியில் அந்தத் துணிச்சலைக் கைவிட வேண்டும். பினாங்கின் கோர்ன்வாலிஸ் கோட்டையில் நிற்பவை போன்ற பீரங்கிகளை இயக்கியவர்களும் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் நனைத்த பஞ்சுக்கோலைக் குழலுக்குள் விட்டுத் துடைத்தார்கள். அங்கே முதல் நோக்கம், எஞ்சிய தீப்பொறி அடுத்த மருந்தைப் பற்றவைக்காமல் தடுப்பது. நமக்கும் அந்த ஆதாயம் உண்டு.

துடைக்கும் திரவத்தில் நீர் கட்டாயம் வேண்டும், ஏனெனில் கசடின் உப்புகள் நீரில் கரைவதுபோல் ஆல்கஹாலில் கரைவதில்லை. வெறும் நீரோ உறைந்துவிடும். எனவே நீரும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் சரிபாதி சேர்த்து, சில துளி பாலிஸ்டாலும் விட்டு ஒரு சிறு குப்பியில் வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 15 டிகிரி வரை இந்தக் கலவை உறையாது. குப்பி மேல்சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். கார்க் கண்ணாடி கழுவும் குளிர்காலத் திரவத்தைச் சிலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அது வேலை செய்யும். ஆனால் அதில் மெத்தனால் இருக்கக்கூடும் என்பதால் கையுறை இல்லாமல் தொடவோ, அதில் நனைத்த துணியை வாயருகே கொண்டுபோகவோ கூடாது.

துணியை நனைத்து நன்றாகப் பிழிய வேண்டும். விரல்நுனியில் ஈரம் உணரப்பட வேண்டும், ஆனால் அழுத்தினால் துளி சொட்டக் கூடாது. துடைப்புமுனை பொருத்திய திணிகோலில் இந்தத் துணியை வைத்து, ஒரே மூச்சில் அடிவரை தள்ளாமல், ஒரு சாண் இறக்கிச் சற்றே மேலிழுத்து, மறுபடி இறக்கி, இப்படிப் படிப்படியாகக் கொண்டுபோங்கள். ஒரே தள்ளாகத் தள்ளினால் கசடு முழுவதும் அடியில் போய்க் குவிந்து, தீ நுழையும் துளையை அடைக்கும்; குளிரில் அந்த ஈரக் குவியல் அங்கேயே உறைந்துவிட்டால் அடுத்த முறை வெடிமூடி மட்டும் ‘டப்’ என்று வெடித்து, துப்பாக்கி மௌனம் சாதிக்கும். அடியைத் தொட்டதும் சில விநாடி நிறுத்தி, பிறகு வெளியே இழுங்கள். துணியைத் திருப்பி மறுபக்கத்தால் இன்னொரு முறை. அதன்பின் உலர்ந்த துணி ஒன்று. உலர்துணி முக்கியம்: ஆல்கஹால் ஆவி எரியக்கூடியது, குழலில் ஈரம் எஞ்சினால் மருந்தும் நனையும். அது வெளிவந்தபின் சற்றே இடைவெளி விட்டே மருந்தை ஊற்ற வேண்டும். துடைப்புமுனையின் பருமனும் கவனிக்கத் தக்கது. உள்ளே போகும்போது கசடின் மேல் வழுக்கிச் சென்று, வெளியே வரும்போது துணி மடிந்து கசடைப் பற்றியிழுக்கும் அளவுக்கு அது சற்றே மெலிந்திருக்க வேண்டும்.

நேரமும் ஒரு சீராக இருக்கட்டும். குழல்வாய் வழியே திணிக்கும் துப்பாக்கிகளுக்கான எம்.எல்.ஏ.ஐ.சி. என்ற பன்னாட்டு அமைப்பின் போட்டிகளில் 30 நிமிடத்தில் 13 குண்டுகள் சுட்டு, அவற்றில் சிறந்த 10 கணக்கில் எடுக்கப்படுகின்றன. குண்டொன்றுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். போட்டிக்குப் போகாவிட்டாலும் இந்தத் தாளத்தைப் பழகிக்கொள்வது பயன் தரும். சுட்டவுடன் துடைத்தால் கசடு இலகுவில் பெயரும். நண்பரோடு காப்பி குடித்துவிட்டு வந்து துடைத்தால் அது கெட்டிப்பட்டிருக்கும், குழலும் குளிர்ந்திருக்கும், குண்டும் வேறிடத்தில் விழும்.

பின்பக்கம் திறந்து தோட்டா இடும் கருமருந்து ரைஃபிள்களில், ஊதுகுழாய் ஒன்றைப் பின்பக்கத்தில் செருகி நிதானமாகச் சில முறை மூச்சை விடும் வழக்கம் உண்டு. நம் மூச்சின் ஈரம் கசடை இளக்கிவிடும். வறண்ட நாளில் மூச்சின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். ஆனால் குழல் பனிபோல் குளிர்ந்திருக்கும்போது மூச்சு தோட்டா அறையிலேயே நீராகப் படியும் என்பதால், அறையை உலர்துணியால் துடைத்தபின்பே அடுத்த தோட்டா. குழல்வாய் வழியே திணிக்கும் துப்பாக்கியில் இதைச் செய்யவே கூடாது. அதன் குழல்வாய்க்கு முன்னால் முகத்தைக் கொண்டுபோக எந்தக் காரணமும் போதாது.

குண்டு பாதியில் நின்றுவிட்டால்

கசடில் சிக்கிய குண்டு மருந்தின் மேல் அமராமல் நடுவில் நிற்பதே இந்த விளையாட்டின் உண்மையான அபாயம். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருக்கும் நிலையில் சுட்டால் குழல் புடைக்கலாம், வெடிக்கலாம். இதைத் தவிர்க்க, வழக்கமான அளவு மருந்தும் குண்டும் சரியாக அமர்ந்திருக்கும்போது திணிகோலில் குழல்வாய் மட்டத்துக்கு ஒரு கோடு கீறிவையுங்கள். ஒவ்வொரு முறையும் கோடு அதே இடத்துக்கு வந்தால்தான் வெடிமூடியைப் பொருத்தலாம். வராவிட்டால் சுத்தியலால் அடிக்காமல், குழல்வாயை இலக்குப் பக்கமே திருப்பிவைத்து, சுடுதள அதிகாரியை அழையுங்கள். அழுத்த வாயுவால் குண்டை வெளியேற்றும் கருவி பெரும்பாலும் அவர்களிடம் இருக்கும். கோடு வேறொரு விதத்திலும் உதவுகிறது: அது ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று மெல்ல மேலேறினால் அடியில் கசடு வளையம் கட்டுகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். திணிகோலை அழுத்தும் விசை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்; குறியின் சீர்மைக்கு அது மருந்தின் அளவுக்கு நிகரானது.

தளத்துக்குப் போகுமுன்னும் வந்தபின்னும்

சேமிப்பின்போது பூசிய எண்ணெய் குளிரில் கூழாகி, விசைப்பொறியை மந்தமாக்கும்; கருமருந்தோடு எரிந்து தார்போன்ற பிசினையும் உண்டாக்கும். முதல் மருந்தை ஊற்றுமுன் குழலையும் விசைப்பொறியையும் ஆல்கஹால் துணியால் துடைத்துவிட்டு, வெறும் வெடிமூடி ஒன்றிரண்டைத் தளத்தில் வெடித்துத் தீத்துளையை உலர்த்துங்கள். குழல்வாய்க்கு முன்னால் கிடக்கும் உலர்ந்த சருகோ பனித்தூளோ அந்த வெடிப்பில் அசைந்தால் வழி திறந்திருக்கிறது. சக்கிமுக்கித் துப்பாக்கியில் கல்லின் விளிம்பையும் அது உரசும் இரும்பையும் ஒவ்வொரு முறையும் உலர்துணியால் துடைக்க வேண்டும், ஏனென்றால் நம் மூச்சே அங்கே பனியாகப் படிகிறது.

முடித்துவிட்டு வெதுவெதுப்பான வீட்டுக்குள் ரைஃபிளை நேராகக் கொண்டுபோனால், குளிர்ந்த இரும்பின் மேல் அறையின் ஈரம் முத்துமுத்தாகப் படியும். அதுவரை வறண்டிருந்த கசடு அந்த நீரைக் குடித்து, இரவுக்குள் இரும்பைத் தின்னத் தொடங்கும். ஆகவே திணித்த மருந்து எதுவும் உள்ளே இல்லை என்று உறுதி செய்தபின், உறையில் மூடிய நிலையிலேயே குளிரான முன்னறையில் வைத்து மெல்லச் சூடேறவிட்டு, அன்றைக்கே கழுவிவிட வேண்டும். கழுவுவதற்கு வெந்நீரும் சிறிது சோப்பும் போதும்; பெட்ரோலியக் கரைப்பான்கள் இந்த உப்புகளைக் கரைப்பதில்லை. நீர் தெளிவாக வரும்வரை கழுவி, உலர்த்தி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு தந்து, எண்ணெய் தீத்துளைப் பக்கம் வடிந்து தேங்காதபடி குழல்வாய் கீழே இருக்குமாறு நிறுத்துங்கள். மறுநாள் வெள்ளைத் துணியொன்றை உள்ளே விட்டு எடுங்கள். பழுப்புக் கறை தெரிந்தால் மீண்டும் எண்ணெயிட்டுத் துடைத்து, மூன்றாம் நாளும் பார்த்துவிட்டே உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.